கிரகத்தோட கணக்குல இருந்து ஒரு ஸ்பேஸ் சாகசக் கதை எழுதுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

சயின்ஸ் ஃபிக்ஷன் எழுதணும்னு ஆசைப்படுற நிறைய பேர் முதல்ல ஹீரோவை யோசிப்பாங்க, அப்புறம் ஒரு ஏலியன், அப்புறம் ஒரு சண்டை, எல்லாம் முடிஞ்ச பிறகு தான் சரி இது எந்த கிரகத்துல நடக்குதுன்னு ஒரு பேரை ஒட்டுவாங்க. அந்த பேரை பிச்சு எடுத்துட்டு ஒரு பாலைவனத்து பேரை போட்டாலும் கதை அப்படியே ஓடும். எனக்கு அதுல தான் வருத்தம், ஏன்னா நிஜ கிரகங்கள் ஒவ்வொண்ணும் நாம யோசிக்கிற எந்த வில்லனை விடவும் பயங்கரமானவை, அழகானவையும் கூட. அதனால இந்த வழிகாட்டியில தலைகீழா போகப் போறோம். முதல்ல கிரகம், அப்புறம் அதோட நம்பர்கள், அந்த நம்பர்ல இருந்து ஆபத்து, ஆபத்துல இருந்து கதை. பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும், கால்குலேட்டர் இருந்தா இன்னும் நல்லது.

சும்மா பொதுவா சொன்னா மனசுல நிக்காது, அதனால முதல்ல இருந்து கடைசி வரை ஒரே உதாரணத்தை எடுத்துக்கிட்டு போறேன்: புதன்.

ஸ்டெப் 1: ஒரே ஒரு நிஜமான இடத்தை பிடிங்க

முதல் கதைக்கு சொந்தமா கிரகம் உண்டாக்காதீங்க. நம்ம சூரியக் குடும்பத்துலயே தேவைக்கு மேல இருக்கு. வெள்ளியில தரை வெப்பம் 460 டிகிரி தாண்டும், காத்தழுத்தம் பூமியை மாதிரி 90 மடங்குக்கு மேல, 1982-ல அங்க இறங்கின சோவியத் வெனேரா 13 வெறும் 127 நிமிஷம் தான் தாக்குப்பிடிச்சுது. ஆனா அதே வெள்ளியில 50 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல போனா அழுத்தமும் வெப்பமும் கிட்டத்தட்ட பூமி மாதிரி வந்துடும், அங்க இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை விட நாம சுவாசிக்கிற காத்து லேசுங்கறதால ஒரு பெரிய பலூன்ல மூச்சுக் காத்தை நிரப்பினாலே அது மிதக்கும், உள்ள ஆளுங்க குடியிருக்கலாம். சனியோட துணைக்கோள் டைட்டன்ல ஏரி உண்டு, மழை உண்டு, ஆனா அது மீத்தேன். அந்த திரவத்தோட அடர்த்தி தண்ணியில பாதி கூட இல்ல, அதனால எவ்வளவு பெரிய நீச்சல் வீரனா இருந்தாலும் அதுல விழுந்தா கல்லு மாதிரி அடியில போயிடுவான். இந்த ஒரு வரியில ஒரு கதை ஒளிஞ்சிருக்கா இல்லையா?

இப்படி ஒரு இடத்தை பத்தி ரெண்டு நாள் படிங்க. படிக்கும்போது உங்களை நிமிர்ந்து உக்கார வைக்கிற ஒரு விஷயம் வரும், அதை தனியா எழுதி வைங்க. எனக்கு புதன்ல அப்படி வந்தது இது: அங்க ஒரு விடியல்ல இருந்து அடுத்த விடியலுக்கு 176 பூமி நாள் ஆகும். ஒரு வருஷமே 88 நாள் தான், அதாவது சூரியனை ரெண்டு தடவை சுத்தி வந்தா தான் ஒரு பகலும் ஒரு இரவும் முடியும்.

ஸ்டெப் 2: ஏழு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதுங்க

ஈர்ப்பு, காத்து, வெப்பம், ஒரு நாளோட நீளம், கிரகத்தோட அளவு, சூரிய வெளிச்சம், பூமிக்கு சிக்னல் போற நேரம். இந்த ஏழும் நாசா மாதிரி விண்வெளி நிறுவனங்கள் இலவசமா போட்டு வச்சிருக்கிற தகவல் பக்கங்கள்ல கிடைக்கும். புதனுக்கு நான் எழுதினது:

ஈர்ப்பு பூமியில 38 சதவீதம். காத்து இல்லன்னே வச்சுக்கலாம். பகல் உச்சத்துல 430 டிகிரி, ராத்திரி மைனஸ் 180. ஒரு பகல்-இரவு 176 பூமி நாள். சுற்றளவு 15,329 கிலோமீட்டர். வெளிச்சம் சராசரியா பூமியில விழுறதை விட 6 மடங்குக்கு மேல. சிக்னல் ஒரு பக்கம் போக சுமார் 4 நிமிஷத்துல இருந்து 12 நிமிஷம் வரை, ரெண்டு கிரகமும் எங்க நிக்குதுங்கறதை பொறுத்து.

எழுதி முடிச்சதும் ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல ஒரு மனுஷ உடம்புக்கு அது என்ன பண்ணும்னு ஒரு வரி எழுதுங்க, இதை தவிர்க்கவே கூடாது. உதாரணமா ஈர்ப்பு 38 சதவீதம்னா 60 கிலோ மூட்டை தோள்ல 23 கிலோ மாதிரி தான் கனக்கும், சந்தோஷம். ஆனா எடை தான் குறையுது, மூட்டையோட நிறை குறையல. ஓடிட்டு வந்து சட்டுன்னு திரும்பினா அந்த 60 கிலோவும் பழைய திசையிலயே இழுக்கும், காலுக்கு அடியில பிடிப்பும் கம்மி, ஆள் குப்புற விழுவான். காத்து இல்லன்னா பக்கத்துல ஒரு பாறை உருண்டு வந்தாலும் காதுக்கு தெரியாது, பூட்ஸ் வழியா அதிர்வு வந்தா தான் உண்டு. இப்படி ஏழு வரி எழுதினதுமே உங்க கையில ஏழு சீன் இருக்கும்.

ஸ்டெப் 3: நம்பர்களை ஒண்ணோட ஒண்ணு மோத விடுங்க

இது தான் இந்த வழிகாட்டியோட உயிர். தனித்தனியா இருக்கிற வரை நம்பர் வெறும் தகவல், ரெண்டை சேர்த்து வகுத்தா தான் கதை பொறக்கும்.

புதனோட சுற்றளவு 15,329 கிலோமீட்டர். பகலுக்கும் இரவுக்கும் நடுவுல இருக்கிற அந்த விடியல் கோடு முழுசா ஒரு சுத்து சுத்த 176 நாள், அதாவது சுமார் 4,223 மணி நேரம். வகுத்து பாருங்க. மணிக்கு 3.6 கிலோமீட்டர்.

நான் முதல் தடவை இதை போட்டப்போ நோட்டை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். மணிக்கு 3.6 கிலோமீட்டர்ங்கறது மனுஷன் சாதாரணமா நடக்கிற வேகம்! பூமியில விடியல் நிலநடுக்கோட்டுல மணிக்கு 1,670 கிலோமீட்டர்ல பறக்குது, எந்த ரயிலும் பிடிக்க முடியாது, ஆனா புதன்ல விடியலுக்கு முன்னாடி ஒரு ஆள் நடந்தே போயிட்டு இருக்கலாம். முதுகுக்கு பின்னாடி 430 டிகிரி பகல், முன்னாடி மைனஸ் 180 டிகிரி ராத்திரி, நடுவுல இருக்கிற மெல்லிசான பட்டையில மேற்கு நோக்கி நடை. நின்னா விடிஞ்சிடும், விடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வெந்து சாகணும்.

இந்த நடக்கிற வேக விஷயத்தை பல பேர் சொல்லி கேட்டிருப்பீங்க, ஆனா பெரும்பாலும் இதோட நிறுத்திடுவாங்க. நானும் என் முதல் டிராஃப்ட்ல நிறுத்திட்டேன், பன்னெண்டு பக்கம் எழுதின பிறகு தான் உறைச்சுது: ஆளுங்க தூங்க வேணாமா? விடியல் தூங்காது. 24 மணி நேரமும் 3.6 கிலோமீட்டர்னா ஒரு நாளைக்கு 87 கிலோமீட்டர். ஸ்பேஸ் சூட் போட்டுக்கிட்டு ஒரு ஆள் 10 மணி நேரம் 4 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா 40 கிலோமீட்டர் தான் வரும், அதுவே ரொம்ப தாராளமா வச்ச கணக்கு. நடுக்கோட்டுல நடக்கிற எல்லாரும் முதல் நாளே தோத்துடுவாங்க.

பன்னெண்டு பக்கத்தையும் தூக்கி போட்டேன், ஆனா அந்த பிரச்சினைக்குள்ளயே தான் நிஜமான கதை இருந்துச்சு. கிரகம் உருண்டை, அதனால துருவத்தை நோக்கி போகப் போக சுத்து சின்னதாகும், விடியலோட வேகமும் குறையும். நடுக்கோட்டு வேகத்தை அட்சரேகையோட (நடுக்கோட்டுல 0 டிகிரி, துருவத்துல 90) காஸ் மதிப்பால, அதாவது கால்குலேட்டர்ல cos பட்டன் குடுக்கிற நம்பரால, பெருக்கினா போதும். நடுக்கோட்டுல 87 கிலோமீட்டர் நடக்க வேண்டியவங்க 45 டிகிரியில 62, 60 டிகிரியில 44, 70 டிகிரியில 30, 80 டிகிரியில வெறும் 15 கிலோமீட்டர் நடந்தா போதும். அப்போ நம்ம ஆளுங்க 40 கிலோமீட்டர் நடக்கக்கூடியவங்கன்னா அவங்க உயிர் பிழைக்கிற இடம் 63 டிகிரி பக்கத்துல ஆரம்பிக்குது. அதுக்கு கீழ விழுந்த கப்பல்ல இருக்கிறவங்களுக்கு நடையை நம்பி பிரயோஜனமே இல்ல, வண்டி வேணும். அதுக்கு மேலன்னா ஒவ்வொரு டிகிரி துருவத்தை நோக்கி போகப் போக கொஞ்சம் அதிகமா தூங்கலாம். ஒரு டிகிரிக்கு சுமார் 43 கிலோமீட்டர்.

யாருக்காவது கால் முறிஞ்சா என்ன பண்றதுங்கற கேள்விக்கும் இப்போ கிரகமே பதில் சொல்லுது: வடக்கே போ.

ஸ்டெப் 4: கிரகம் ஏமாத்துற இடத்தை தேடுங்க

சராசரி நம்பரை மட்டும் நம்பினா கதை நேர்கோட்டுல போகும். எந்த கிரகத்துலயும் ஏதோ ஒண்ணு ஒரே சீரா இருக்காது, அதை கண்டுபிடிச்சா கதைக்கு ஏத்த இறக்கம் தானா வந்துடும்.

புதனோட பாதை நல்லா நசுங்கின வட்டம். சூரியனுக்கு கிட்ட வரும்போது 4.6 கோடி கிலோமீட்டர், தூரமா போகும்போது 7 கோடி கிலோமீட்டர். கிட்ட வரும்போது பாதையில வேகமா ஓடும், தூரத்துல மெதுவா போகும், ஆனா தன்னைத்தானே சுத்துற வேகம் மட்டும் மாறாது. இதனால என்ன ஆகுதுன்னா, தூரமா இருக்கிற நாட்கள்ல வானத்துல சூரியன் வேகமா நகரும், நடுக்கோட்டுல விடியல் மணிக்கு 6 கிலோமீட்டர் வரைக்கும் வேகம் எடுக்கும். ஒரு நாளைக்கு 144 கிலோமீட்டர்! 63 டிகிரியில நிம்மதியா இருந்தவங்களுக்கும் அப்போ 65 கிலோமீட்டர் தேவைப்படும், 40 தான் முடியும், தினமும் 25 கிலோமீட்டர் பின்தங்குவாங்க.

அப்புறம் சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்ற நாட்கள்ல நடக்கிறது தான் எனக்கு இந்த கிரகத்து மேல தீராத காதல் வரக் காரணம். அங்க சூரியன் வானத்துல நிக்கும். நின்னுட்டு, மெதுவா பின்னாடி போகும், சுமார் 8 பூமி நாள் பின்னாடி போயிட்டு மறுபடி நின்னு பழைய திசையில கிளம்பும். சில இடங்கள்ல நின்னு பார்த்தா சூரியன் எட்டிப் பார்த்துட்டு திரும்ப அடியில இறங்கி, அப்புறம் ரெண்டாவது தடவை உதிக்கும். துரத்திட்டு வந்த விடியல் கோடே பின்வாங்குது, அந்த ஒரு வாரம் நம்ம ஆளுங்க உக்காந்து சூட்டை தைக்கலாம், காயத்தை கட்டலாம், மனசு விட்டு பேசலாம். 88 நாளுக்கு ஒரு தடவை இந்த இடைவேளை. துரத்தல், நெருக்கடி, மூச்சு விடற நேரம், மறுபடி துரத்தல்னு கதையோட தாளத்தை, கிட்ட வந்தா வேகம் தூரம் போனா மெதுவுங்கற கெப்ளர் விதியே போட்டு குடுத்துடுது, இதுக்கு மேல ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேணும்.

இன்னொரு தேர்வும் உங்க கையில இருக்கு. விடியல் பக்கம் நடந்தா பின்தங்குறவன் வேகுறான். அந்தி பக்கம், அதாவது மறையற சூரியனை துரத்திக்கிட்டு மேற்கே நடந்தா, பின்தங்குறவனை இருட்டு பிடிச்சுக்கும், உறைஞ்சு போவான், அவனோட சோலார் பேனலும் அதோட சாகும். ரெண்டும் வேற வேற கதை, வேற வேற பயம். எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதுன்னு முடிவு பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: உயிருக்கு கணக்கு நோட்டு

ஆக்ஸிஜன், தண்ணி, கரண்ட். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 0.84 கிலோ ஆக்ஸிஜன் வேணும்னு நாசா வச்சிருக்கிற கணக்கு. மூணு பேர், 176 நாள்னா 440 கிலோவுக்கு மேல, அதை தோள்ல தூக்கிட்டு நடக்க முடியாது. அப்போ வழியில எங்கயோ கிடைக்கணும். எங்க?

மறுபடியும் கிரகத்துக்கிட்டயே கேளுங்க. புதனோட அச்சு கிட்டத்தட்ட நேரா நிக்குது, சாய்வே கிடையாதுன்னு சொல்லலாம், அதனால துருவத்துல இருக்கிற ஆழமான பள்ளங்களோட அடியில சூரிய வெளிச்சம் என்னைக்குமே விழாது. சூரியனுக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கிற கிரகத்துல தண்ணி ஐஸ் இருக்கு, மெசஞ்சர் விண்கலம் அனுப்பின தரவுகளை வச்சு 2012-ல இதை உறுதியா சொன்னாங்க. வட துருவத்துக்கிட்ட ப்ரோகோஃபீவ்ங்கற பள்ளம் அப்படி ஒண்ணு. தண்ணியோட எடையில 89 சதவீதம் ஆக்ஸிஜன் தான், கரண்ட் வச்சு பிரிச்சா ஒரு கிலோ ஐஸ்ல இருந்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கான மூச்சு கிடைச்சிடும்.

ஆக 63 டிகிரியில கிளம்புற கூட்டத்துக்கு போற இடமும் கிடைச்சாச்சு, 85 டிகிரிக்கு மேல. வடக்கே சுமார் 950 கிலோமீட்டர். ஆனா நேரா வடக்கே நடந்தா விடியல் பிடிச்சிடும், மேற்கே மட்டும் நடந்தா ஆக்ஸிஜன் தீர்ந்துடும், தினமும் இருக்கிற 40 கிலோமீட்டரை மேற்குக்கும் வடக்குக்கும் எப்படி பங்கு போடறதுங்கறது தான் அந்த கூட்டத்துக்குள்ள நடக்கிற சண்டை. கேப்டன் ஒரு கணக்கு சொல்வார், டாக்டர் வேற கணக்கு சொல்வாங்க, ரெண்டு பேரும் சரி தான். இந்த மாதிரி சண்டைக்கு கெட்டவன் ஒருத்தனை தனியா உருவாக்க வேண்டியதில்ல.

ஸ்டெப் 6: எப்படி வந்தாங்க?

இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம், ஆனா பொய் சொல்லாதீங்க. புதன் கிட்ட தானே இருக்கு, ஈஸியா போயிடலாம்னு தோணும். நிஜத்துல சூரியனை நோக்கி விழ விழ கப்பலோட வேகம் ஏறிக்கிட்டே போகும், புதன்ல பிரேக் போட உதவுற காத்து மண்டலமும் இல்ல. மெசஞ்சர் 2004 ஆகஸ்ட்ல கிளம்பி பூமி, வெள்ளி, புதன்னு ஒவ்வொண்ணையும் பக்கத்துல உரசிட்டு போய், அதோட ஈர்ப்பை வச்சு வேகத்தை சரி பண்ணிக்கிட்டு 2011 மார்ச்ல தான் சுற்றுப்பாதைக்குள்ள போச்சு. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பின பெபிகொலம்போ விண்கலம் 2018 அக்டோபர்ல கிளம்பி மொத்தம் ஒன்பது தடவை அப்படி உரச வேண்டியிருந்தது. அதனால உங்க கதையில மீட்புக் கப்பல் அடுத்த வாரம் வந்து இறங்கிச்சுன்னா படிக்கிறவன் புத்தகத்தை மூடிடுவான். யாரும் வரமாட்டாங்கங்கறது தான் இந்த கதையோட பலமே.

ஸ்டெப் 7: பூமியோட பேச்சு

ஒரு பக்கம் 4 முதல் 12 நிமிஷம்னா கேள்வி கேட்டு பதில் வர 8 நிமிஷத்துல இருந்து 25 நிமிஷம் ஆகும். போன் பேசற மாதிரி வசனம் எழுதவே கூடாது. கடிதம் மாதிரி எழுதுங்க. ஒருத்தி அனுப்புறா, நடக்கிறா, ஒரு மேட்டை தாண்டுறா, அதுக்குள்ள நிலைமை மாறிடுது, அப்போ தான் பழைய கேள்விக்கு பதில் வருது, அந்த பதில் இப்போ உதவாது. இந்த கால இடைவெளியை வச்சு அழ வைக்கலாம், பயமுறுத்தலாம். புதன் சூரியனுக்கு பின்னாடி போற நாட்கள்ல சிக்னலே வராது, அந்த நாட்களை கதையோட மோசமான கட்டத்துல வைங்க.

ஸ்டெப் 8: ஒரே ஒரு பொய்க்கு அனுமதி

சயின்ஸ் ஃபிக்ஷன்ல கற்பனை வேணும், மறுக்கல. என்னோட விதி: கதைக்கு ஒரே ஒரு இல்லாத பொருளை வச்சுக்கலாம், அதை முதல் அஞ்சு பக்கத்துக்குள்ள காட்டிடணும், அதுக்கு ஒரு எல்லை இருக்கணும், அந்த எல்லை கடைசி வரை மாறக் கூடாது. இந்த கதையில நான் எடுத்துக்கிட்டது சூட். இன்னைக்கு இருக்கிற எந்த சூட்டும் இந்த நடைக்கு தாங்காது. அப்போலோ 17 ஆளுங்க நிலால ஒரே மூச்சுல வெளிய இருந்தது அதிகபட்சம் ஏழரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, மூணு நாள் சேர்த்து 22 மணி நேரம். மாசக்கணக்குல தாங்கற சூட், அதோட தூங்கறதுக்கு மடிச்சு எடுத்துட்டு போற கூடாரம், இது தான் என் பொய். எல்லை என்னன்னா சூரியன் அடிவானத்துல இருந்து 5 டிகிரி ஏறினா சூட்டோட மேல் அடுக்கு உரிய ஆரம்பிக்கும். அவ்வளவு தான். கதை நடுவுல ஹீரோவை காப்பாத்த புதுசா ஒரு பேட்டரி கண்டுபிடிக்கக் கூடாது.

ஸ்டெப் 9: சயின்ஸை கையில பிடிக்கிற மாதிரி எழுதுங்க

எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. படிச்ச தகவலை எல்லாம் ஒரு கேரக்டர் வாயில திணிச்சு லெக்சர் குடுக்க வைப்பாங்க. "புதனில் சூரியன் மெதுவாக நகர்கிறது என்பது உனக்குத் தெரியும் அல்லவா" மாதிரி. தெரிஞ்சவன்கிட்ட தெரிஞ்சதை எவனும் சொல்ல மாட்டான்.

அதுக்கு பதிலா அந்த இடத்துல நிக்கிறவன் கண்ணுக்கு என்ன தெரியும்னு கணக்கு போடுங்க. விடியல் பட்டையில மேற்கு பார்த்து நடக்கிறவனுக்கு சூரியன் முதுகுக்கு பின்னாடி, அடிவானத்தை ஒட்டி. அப்போ நிழல் முன்னாடி விழும். சூரியன் 1 டிகிரி உயரத்துல இருந்தா ஒரு ஆளோட நிழல் கிட்டத்தட்ட 97 மீட்டர். 2 டிகிரின்னா 49 மீட்டர். 5 டிகிரின்னா 19. புரியுதா, நிழல் தான் அங்க கடிகாரம், நிழல் தான் வேகமானி, நிழல் சுருங்கினா சாவு நெருங்குதுன்னு அர்த்தம். 62 டிகிரியில ஒருத்தன் 14 மணி நேரம் ஓய்வெடுத்தா சூரியன் அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல ஏறும், 97 மீட்டர் நிழல் 62 மீட்டரா சுருங்கியிருக்கும். இதை வச்சு நான் எழுதின சீன் இது:

கூடாரத்தோட ஜிப்பை திறந்து வெளிய வந்ததும் டிரைவர் பையன் முதல்ல பார்த்தது தரையை தான். நிழல் அவன் கால்ல இருந்து கிளம்பி, சாம்பல் நிறத் தரையில நீண்டு, நேத்து அவன் அடுக்கி வச்ச மூணு கல்லுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சு போச்சு. நுனி எங்கன்னு தெளிவா தெரியல, எப்பவுமே மங்கலா தான் இருக்கும், ஆனா கல்லை தொடலங்கறது நல்லா தெரிஞ்சுது.

"அக்கா, நிழல் கல்லுக்கு வரல."

"எத்தனை அடி குறையுது?"

"எண்ணிட்டு வரவா?"

"வேணாம்டா, எண்ற நேரத்துல நட."

எவ்வளவு டிகிரி, எவ்வளவு மீட்டர்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா படிக்கிறவனுக்கு எல்லாம் புரியும். நுனி மங்கலா இருக்குன்னு போட்டதுக்கும் காரணம் இருக்கு, அங்க சூரியன் பூமியில தெரியறதை விட ரெண்டு மடங்குல இருந்து மூணு மடங்கு பெருசா தெரியும், பெரிய விளக்குக்கு நிழல் ஓரம் கூர்மையா விழாது.

இன்னும் ரெண்டு காட்சியை சொல்லி வைக்கிறேன், எடுத்துக்கோங்க. புதன் சின்ன கிரகம்ங்கறதால நிக்கிறவனுக்கு அடிவானம் 3 கிலோமீட்டருக்குள்ளயே முடிஞ்சிடும், பூமியில சமவெளியில 4.7 கிலோமீட்டர். பின்னாடி வர்ற கூட்டாளி ஒன்றரை மணி நேர நடை தூரம் பின்தங்கினாலே கண்ணுல இருந்து மறைஞ்சிடுவான். அப்புறம், ஒரு கிலோமீட்டர் உயரமான மலை உச்சிக்கு தரையை விட 70 கிலோமீட்டர் முன்னாடியே வெளிச்சம் போயிடும், காத்து இல்லாததால வானம் கருப்பாவே இருக்கும், அதனால இருட்டு பக்கம் பார்த்தா அடி தெரியாம உச்சி மட்டும் நெருப்பு மாதிரி அந்தரத்துல நிக்கும். விடிகாலை சிவப்பு, நீலம் எதுவும் கிடையாது. வர்ணிக்கும்போது பழக்கத்துல பொன்னிற வானம்னு எழுதிடாதீங்க.

ஸ்டெப் 10: பேர் வைக்கறது

சின்ன விஷயம் தான், ஆனா சந்தோஷமான விஷயம். புதன்ல பள்ளங்களுக்கு கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைக்காரங்க பேர் வைக்கறது வழக்கம். வால்மீகி, வியாசர், காளிதாசர், தியாகராஜர் எல்லாரும் அங்க இருக்காங்க. நடுக்கோட்டுக்கு பக்கத்துல இருக்கிற தியாகராஜர் பள்ளத்துக்குள்ள வெளிர் நிறத்துல குழி குழியா ஒரு விநோதமான தரை இருக்கு. வரைபடத்தை பார்த்து நிஜ பேரையே போடுங்க, இஷ்டத்துக்கு ஒரு பேரை உருவாக்கறதை விட நூறு மடங்கு உயிர் வரும்.

ஸ்டெப் 11: சரிபார்த்தல்

முடிச்சதும் கதையில வர்ற ஒவ்வொரு நம்பரையும் தனியா எடுத்து மறுபடி கணக்கு போடுங்க, நாள்னா பூமி நாளா புதன் நாளான்னு ஒவ்வொரு இடத்துலயும் பாருங்க. அப்புறம் தகவல் எந்த வருஷத்துதுன்னும் பாருங்க, இது முக்கியம். 1889-ல இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி புதனை டெலஸ்கோப்ல பார்த்துட்டு அது ஒரே முகத்தை தான் சூரியனுக்கு காட்டுதுன்னு சொன்னார், எழுபது வருஷத்துக்கு மேல எல்லாரும் அதை நம்பினாங்க, ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர ராத்திரி, நடுவுல நகராத அந்திப் பட்டைன்னு கதைகளும் வந்துச்சு. 1965-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்த அரெசிபோ ரேடார் வச்சு அளந்தப்போ தான் அது 59 நாளுக்கு ஒரு தடவை தன்னைத்தானே சுத்துதுன்னு தெரிஞ்சுது, அது ஏன் சரியா மூணுக்கு ரெண்டுங்கற விகிதத்துல (சூரியனை ரெண்டு சுத்து வர்றதுக்குள்ள தன்னைத்தானே மூணு சுத்து) மாட்டிக்கிச்சுன்னு விளக்கினவர் ஜுசெப்பே கொலம்போ, பெபிகொலம்போவுக்கு அவர் பேர் தான். அந்த பட்டை நகருதுன்னு தெரிஞ்ச பிறகு தான் நம்ம கதையே சாத்தியமாச்சு. பெபிகொலம்போ அங்க வேலையை ஆரம்பிச்சதும் நானும் என் டிராஃப்ட்டை மறுபடி திறந்து பார்ப்பேன், ஏதாவது மாறினா மாத்துவேன்.

ஸ்டெப் 12: இப்போ உங்க கிரகத்துக்கு போடுங்க

சுற்றளவு வகுத்தல் ஒரு பகல்-இரவோட மணி நேரம், இந்த ஒரே கணக்கை எல்லா இடத்துக்கும் போட்டு பாருங்க. வெள்ளியில மணிக்கு சுமார் 13.6 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். டைட்டன்ல 42. செவ்வாய்ல 865, அங்க விடியலை துரத்தற கதை நடக்காது, வேற கதை தேடணும். நிலால நடுக்கோட்டுல 15.4.

நிலாவை எடுத்துக்கறவங்களுக்கு ஒரு இடத்தை நானே சொல்றேன். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான் 3 இறங்கினது தெற்கே 69 டிகிரிக்கு கொஞ்சம் மேல. 15.4-ஐ அந்த அட்சரேகையோட காஸ் மதிப்பால பெருக்கினா 5.4 கிலோமீட்டர் வருது. அதாவது அங்க பகலும் இருட்டும் ஒரு ஆள் வேகமா நடக்கிற வேகத்துல நகருது. பிரக்யான் ரோவரோட வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அது 100 மீட்டரை தாண்டி போயிருந்தப்போ, செப்டம்பர் 2-ஆம் தேதி, பேட்டரியை நிறைச்சு வச்சு, அடுத்த விடியல்ல வெளிச்சம் விழற திசைக்கு சோலார் பேனலை திருப்பி வச்சு, ரிசீவரை மட்டும் ஆன்ல விட்டு அதை தூங்க வச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு விக்ரமையும். அதுக்கு அப்புறம் மேற்கே நோக்கி நடந்து போயிட்டு இருந்த அந்த இருட்டுல, பிரக்யானுக்கு பக்கத்துல ஒரு ஆள் நின்னிருந்தா அவர் எந்த பக்கம் எவ்வளவு தூரம் நடந்திருக்கணும்? பேப்பரை எடுங்க, 69 டிகிரியில இருந்து ஆரம்பிங்க.